விழுந்தவரை உடனே தூக்காதீர்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு முன் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, 72 வயதான என் மாமியார் கொல்லையில் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்துவிட்டார். என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவரால் காலை ஊன்ற முடியவில்லை. சுளுக்காக இருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி நீவி விட்டோம். மறுநாள் மதியம் வலி தாங்காமல் ஆட்டோவில் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. பந்தை மாற்றி ஆபரேஷன் செய்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். ‘நீங்க தூக்கினதுலதான் ஒடிஞ்சுது’ என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உண்மையா? நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? வீட்டில் எட்டு வயதுப் பையன் வேறு இருக்கிறான். கொய்யா மரமே கதி என்று கிடப்பவன். அவன் விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் நாட்டுக் கட்டுக் கட்டுகிறவரிடம் போகலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

சகோதரி, முதலில் உங்கள் நாத்தனாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தூக்கியதால் எலும்பு ஒடியவில்லை. 72 வயதில் எலும்பு உளுத்த மரம் மாதிரி. இடுப்பு தரையில் மோதிய அந்த நொடியிலேயே அது முறிந்திருக்கும்.

ஆனால் முறிந்த எலும்பு எவ்வளவு விலகியது என்பதில் தூக்கியதற்கும் நீவியதற்கும் பங்கு இருந்திருக்கலாம். தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. பந்துக்குப் போகிற ரத்தத்தில் பெரும்பங்கு, அந்தக் கழுத்தை ஒட்டி ஏறுகிற மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. கழுத்தில் முறிவு ஏற்பட்டும் எலும்பு இடம் மாறாமல் நின்றால், ஸ்க்ரூ போட்டுச் சொந்தப் பந்தையே காப்பாற்ற வாய்ப்பு உண்டு. விலகிவிட்டால் குழாய்கள் அறுந்து பந்து செத்துப்போகலாம். உங்கள் மாமியார் வயதில் அப்போது பந்தை மாற்றிவிடுவதுதான் வழக்கம். விழுந்தபோதே விலகியதா, நாற்காலியில் ஏற்றும்போது விலகியதா என்று எக்ஸ்ரேயைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், தூக்கியதைவிட 30 மணி நேரம் காத்திருந்ததுதான் பெரிய நஷ்டம். இந்த முறிவுக்கு ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டால் நல்லது. வயதானவர் அசையாமல் கிடக்கக் கிடக்க நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். ஒடிந்த எலும்பைவிட இவைதான் ஆளைச் சாய்க்கின்றன.

சரி, ஏன் எல்லாரும் தூக்குகிறார்கள்? முப்பது வருஷமாக இதே கதையைக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. பதற்றம் மட்டும் காரணமில்லை. ஈரத் தரையில், புடவை விலகி, வயதான அம்மா ஒருத்தர் கிடக்கிறார். பக்கத்து வீட்டு ஆண்கள் ஓடி வருகிறார்கள். அந்தக் கோலத்தில் அவரை விட்டுவைக்க யாருக்கும் மனசு வராது. அவரே ‘என்னைத் தூக்கி விடுங்கடா’ என்று கெஞ்சுவார். அதனால் அடுத்த முறை யாராவது விழுந்தால் ஓடும்போதே ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். மேலே போர்த்துங்கள். மானமும் காக்கப்படும், குளிரும் அடங்கும். தூக்கியாக வேண்டும் என்ற அவசரம் பாதி அதிலேயே குறைந்துவிடும்.

அப்புறம் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார், எழுந்திருக்க முயல்வார். தலையில் அடியா, கழுத்து வலிக்கிறதா, மயக்கம் வந்து விழுந்தாரா, வழுக்கி விழுந்தாரா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் ஆஸ்பத்திரியில் மிகவும் தேவைப்படும். ஏனென்றால் மயக்கம் வந்து விழுந்திருந்தால் இதயத்தையும் சர்க்கரையையும் பார்க்காமல் விட முடியாது. பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் வெளிப்பக்கம் சாய்ந்து, சுண்டுவிரல் தரையைத் தொடுவது போல் கிடந்தால், அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகவும் தெரிந்தால், இடுப்பு மூட்டில் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேக்கு முன்னால் வாசலில் நின்றபடியே நாங்கள் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சிலருக்கு முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று குத்தி நிற்கும். அவர்களுக்குக் கால் சுருங்காது, சாயாது. நாலு எட்டு நடக்கக்கூடச் செய்வார்கள். ‘நடந்தாங்களே, அப்ப எலும்புல ஒண்ணுமில்ல’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். மூன்றாம் நாள் அந்த முனை நழுவும், ஆள் கீழே விழுவார். வயதானவர் விழுந்து, தொடை இடுக்கில் வலி என்று சொன்னால், நடந்தாலும் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும்.

முறிவு என்று சந்தேகம் வந்தால் 108-க்குக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிற வண்டி அது, காசும் கிடையாது. ஆட்டோ சீக்கிரம் வரும்தான். ஆனால் ஆட்டோவில் ஸ்ட்ரெச்சர் வராது. இடுப்பு முறிந்தவரை ஆட்டோவில் ஏற்ற வேண்டுமென்றால் மடக்கி உட்கார வைத்தே ஆக வேண்டும். வண்டி வரும்வரை வலியுள்ள காலை இழுத்து நேராக்க முயலாதீர்கள். அது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இருக்கட்டும். இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணையை மெதுவாகச் செருகி, முழங்காலுக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று தளர்வாகச் சேர்த்துக் கட்டினால் போதும். நல்ல காலே உடைந்த காலை அசையாமல் தாங்குகிற பத்தையாகிவிடும். முடிச்சு நல்ல கால் பக்கம் வரட்டும். வலிக்கிற இடத்தின் மேல் கட்டு போட வேண்டாம்.

வண்டி வர வழியே இல்லாத ஊரும் உண்டு. அங்கே என்ன செய்வது? இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பெர்சிவல் பாட் என்று லண்டனில் ஒரு பெரிய அறுவை மருத்துவர். 1756-ல், கடுங்குளிர் மாதத்தில், குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கூட்டம் கூடியது. அவர் தன்னைத் தொட ஒருவரையும் விடவில்லை. குளிர்ந்த தெருவிலேயே படுத்துக்கொண்டு, பல்லக்குத் தூக்கிகள் இருவருக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் வருவதற்குள் ஒரு கதவை விலைக்கு வாங்கி, பல்லக்குக் கழிகளை அதில் ஆணியடித்துச் சேர்க்கச் சொல்லி, அதன்மேல் படுத்து வீடு வந்து சேர்ந்தார். காலை வெட்டுவதற்குக் கருவிகளெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. கடைசி நேரத்தில் வந்த அவருடைய பழைய ஆசிரியர் வேண்டாமென்று தடுக்க, கால் பிழைத்தது. அத்தனை வலியிலும் அந்த மனிதர் அவசரப்படவில்லை, பாருங்கள். உங்கள் வீட்டில் கழற்றி வைத்த பழைய கதவு இருக்கும், இல்லையென்றால் பெஞ்சு இருக்கும். நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் எண்ணிக்கை சொல்ல, ஒரே சமயத்தில் அதன்மேல் மாற்றி, மினி லாரியில் படுத்த வாக்கிலேயே கொண்டு வாருங்கள்.

காபி விஷயம். நீங்கள் கொடுத்த காபியால் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை; ஏனென்றால் அன்று ஆஸ்பத்திரிக்கே போகவில்லை! ஆனால் போயிருந்தால், பால் கலந்த எதைக் குடித்தாலும் மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சோடா, குளுக்கோஸ், இட்லி எதுவும் வேண்டாம். வாய் உலர்ந்தால் உதட்டை நனைத்து விடுங்கள். அவர் சாப்பிடுகிற மாத்திரைகளை மட்டும் மறக்காமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டுக்கொண்டால், அப்போது தெளிவாகப் பேசினாலும் அன்றே ஸ்கேன் பார்ப்பது நல்லது. மண்டைக்குள் மெதுவாகக் கசிகிற ரத்தம் சில நாள், சில வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்: தலைவலி, தூங்கி வழிதல், பேச்சில் குழறல், நடையில் தள்ளாட்டம்.

எண்ணெய் நீவுவது பற்றியும் சொல்ல வேண்டும். அடிபட்ட முதல் இரண்டு நாளைக்கு நீவல், உருவல், சூடான ஒத்தடம் எதுவும் கூடாது. சுளுக்காகவே இருந்தாலும் கூடாது. உள்ளே கசிந்துகொண்டிருக்கிற ரத்தத்தை அது கூட்டும். ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். குறிப்பாகக் குழந்தையின் முழங்கையை நீவவே நீவாதீர்கள். நீவ நீவச் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடங்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் பையனிடம் வருவோம். மரத்திலிருந்து விழுகிற பிள்ளை கையை ஊன்றித்தான் விழும். முறிவது பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அல்லது முழங்கைக்குச் சற்று மேலே. மணிக்கட்டுப் பக்கம் என்றால் வீட்டிலேயே நல்ல பத்தை செய்யலாம். ஒரு முழு செய்தித்தாளை எடுத்து, கையின் அகலத்துக்கு வருகிற மாதிரி மடித்துக்கொண்டே போங்கள். கெட்டியான அட்டை போல ஆகிவிடும். அதை அரைவட்டமாக வளைத்து, விரல் மடிகிற இடத்திலிருந்து முழங்கை வரைக்கும் அடியில் தாங்கலாக வைத்து, அவனுடைய சட்டைத் துணியாலோ துப்பட்டாவாலோ இரண்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். பிறகு இன்னொரு துப்பட்டாவைக் கழுத்தில் தொட்டில் மாதிரி மாட்டி, கை நெஞ்சோடு ஒட்டி, உள்ளங்கை முழங்கையைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்கும்படி விடுங்கள். கட்டிய மறு நிமிடமே பையன் அழுகை பாதி நிற்கும். எலும்பு அசையாவிட்டால் வலி அடங்கும்.

முழங்கையருகே வீங்கியிருந்தால் அந்தத் தொட்டிலுக்காகக்கூடக் கையை மடக்க வேண்டாம். எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் தலையணை மேல் வைத்துத் தாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த இடத்தில் ரத்தக்குழாயும் நரம்புகளும் எலும்பை உரசிக்கொண்டு போகின்றன. மடக்கினால் குழாய் நசுங்கும்.

கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை எல்லாரும் மறப்பார்கள். கையில் அடி என்றால் மோதிரம், வளையல், கோயில் கயிறு, வெள்ளிக் காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். காலில் என்றால் மெட்டி, கொலுசு. வீக்கம் ஏறிய பிறகு மெட்டியைக் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். மெட்டியை வெட்டலாமா என்று வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நாங்கள் நிற்போம். அதற்குள் விரல் கறுத்துக்கொண்டிருக்கும். சோப்புத் தண்ணீர் போட்டு முதல் ஐந்து நிமிடத்தில் கழற்றினால் இந்தச் சங்கடமே இல்லை.

கட்டுக் கட்டுகிறவரிடம் போகலாமா என்று கேட்டீர்கள். இதில் நான் ஏளனமாகப் பேச மாட்டேன். தொடை எலும்பு முறிந்தால் இன்றைக்கும் நம் ஆஸ்பத்திரிகளில் மாட்டுகிற தாமஸ் ஸ்ப்ளின்டைக் கண்டுபிடித்த ஹியூ ஓவன் தாமஸ், பரம்பரையாகக் கட்டு வைத்தியம் செய்த குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அப்பா லிவர்பூலில் கட்டுக் கட்டியே பிழைத்தவர். ஆனால் மகன்களையெல்லாம் மருத்துவம் படிக்க அனுப்பினார். விலகாத சாதாரண முறிவு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினாலும் சேரும். கட்டாமல் அசையாது வைத்திருந்தால்கூடச் சேரும். எலும்புக்குச் சேர்கிற குணம் உண்டு. பிரச்சினை, கட்டின் இறுக்கத்தில்தான்.

பல வருஷத்துக்கு முன் ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். முழங்கை முறிவு. ஊர் பேர் வேண்டாம், ஒரு இடத்தில் முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியைச் சுற்றி, மேலே தப்பை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முதல் நாள் ராத்திரி முழுக்க அலறியிருக்கிறான். ‘கட்டு பிடிக்குது, அப்படித்தான் வலிக்கும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வலி நின்றுவிட்டது. வீட்டில் நிம்மதியானார்கள். வலி நின்றது குணமாகி அல்ல, நரம்பு செத்து. நான் கட்டைப் பிரித்தபோது விரல்கள் உள்ளே மடங்கி, எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தன. நகம் சாம்பல் நிறம். விரலை விரித்து விட்டால் மணிக்கட்டு மடங்கியது. மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல் மடங்கியது. இதைத்தான் ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே எழுதிவைத்தார்: இறுகின கட்டுக்குள் ரத்தம் ஓடாமல் சதை செத்துச் சுருங்குவது. ரத்தம் நின்ற நாலு மணி நேரத்திலேயே சதை சாக ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பையனுக்குப் பிறகு இரண்டு ஆபரேஷன் செய்தோம். பேனா பிடிக்கிற அளவுக்குத்தான் கை வந்தது.

நாங்கள் போடுகிற மாவுக்கட்டிலும் இதே ஆபத்து உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அதனால் யார் கட்டினாலும் சரி, அன்று ராத்திரி நீங்கள் காவல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும். ‘விரலை நீட்டுடா’ என்று சொல்லுங்கள். விரலை நீட்டும்போது முன்கையில் உயிர் போகிற வலி வந்தால், விரல் மரத்துப்போனால், சில்லென்றிருந்தால், மருந்து கொடுத்தும் அழுகை ஏறிக்கொண்டே போனால், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். எலும்பு கோணினால் பிறகு சரி செய்யலாம், செத்த சதையை ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் கட்டாதீர்கள். குழந்தையின் முழங்கை, எந்த மூட்டாக இருந்தாலும் அதை ஒட்டிய முறிவு, மரத்துப்போன விரல், தோல் கிழிந்த முறிவு இவற்றை எலும்பு டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள், காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். சுத்தமான வேட்டித் துணியை மேலே மூடி, ரத்தம் வந்தால் எலும்பை அழுத்தாமல் சுற்றிலும் அழுத்திப் பிடித்து ஓடி வாருங்கள். அதற்கு ஆன்டிபயாட்டிக் ஊசி முதல் ஒரு மணி நேரத்துக்குள் போவது நல்லது.

கொய்யா மரம் குட்டை மரம். உங்கள் பக்கம் தென்னையும் ஏறுவார்கள். உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுந்தவர், குதிகால்தான் வலிக்கிறது என்பார். முதுகை அவரே மறந்திருப்பார். மோதிய வேகம் குதிகாலிலிருந்து ஏறி முதுகெலும்பில் போய் அடங்கும். இரண்டும் சேர்ந்து முறிவது எங்களுக்குப் பழகிய ஜோடி. அவரைக் காரின் பின் சீட்டில் மடக்கிப் போட்டுக் கொண்டு வருவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். விழுந்த இடத்தில் அசைந்த கால், ஆஸ்பத்திரி வாசலில் அசையாமல் போவது அப்படித்தான். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கட்டையாக உருளும்படி மூன்று பேர் சேர்ந்து திருப்பி, பலகைமேல் வைக்க வேண்டும். ஒருவர் தலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். எண்ணிக்கை சொல்வதும் அவரே. முடியாதென்றால் விட்டுவிடுங்கள், 108 வரட்டும்.

கடைசியாக உங்கள் மாமியார். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு ஒடிந்ததென்றால் எலும்பின் அடர்த்தி குறைகிற ஆஸ்டியோபோரோசிஸ் நோய் இருக்கிறது என்று அர்த்தம். ஆபரேஷனோடு வைத்தியம் முடியவில்லை. அடுத்த இடுப்பு பாக்கி இருக்கிறது. எலும்பு அடர்த்திக்கும் வைட்டமின் டி-க்கும் பார்த்து மருந்து ஆரம்பிக்க வேண்டுமா என்று அவருடைய டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். பல பேர் கேட்பதே இல்லை. சம்மணம் போட்டு உட்காருவது, குந்துவது, குட்டை நாற்காலி மூன்றையும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை தவிர்க்கச் சொல்லுங்கள். துவைக்கிற கல்லைச் சுற்றியுள்ள பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து எடுங்கள், கஞ்சித் தண்ணீரை அங்கே கொட்டாதீர்கள். கொல்லை விளக்கின் சுவிட்ச் படுக்கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். இன்று சாயங்காலமே வாக்கரைத் தலைகீழாகத் திருப்பி, நான்கு கால்களிலும் இருக்கிற ரப்பர் மூடியைப் பாருங்கள். வரி தேய்ந்து வழவழப்பாக இருந்தால் மருந்துக் கடையிலோ சர்ஜிக்கல் கடையிலோ மாற்றிக்கொடுப்பார்கள்.